ஒரே நம்பர், இரண்டு அலமாரி

போன மாதம் ஜிஷா டாக்டர் போன் செய்தார். நான் வேலை பார்த்த ஹெர்பேரியத்துக்கு இப்போது அவர்தான் பொறுப்பு. ஹெர்பேரியம் என்றால், செடிகளைக் காயவைத்துத் தாளில் தைத்து, குடும்பம் குடும்பமாக இரும்பு அலமாரிகளில் அடுக்கிவைக்கும் அறை. அந்தத் தாள்களையெல்லாம் இப்போது படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள்.

"அண்ணாச்சி, படம் எடுக்கிற பிள்ளைங்களுக்கு ஒரு சம்சயம். இஞ்சி அலமாரியில ஒரு ஷீட், சண்ணக்கூவை அலமாரியில ஒரு ஷீட், ரெண்டிலயும் ஒரே நம்பர். ஒண்ணு தப்புன்னு சொல்லி மாத்தப் பாக்குது. நான் சொன்னா பத்தாது. நீங்க சொல்லணும்."

"கையை வைக்கக் கூடாதுன்னு சொல்லுங்க டாக்டரே. நானே எழுதித் தாரேன்."

"எழுதுவீங்களா? அப்போ ஆபீஸ் மலருக்கே போட்டுடலாம்."

எழுதுவீங்களா என்று அவர் கேட்டதில் எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, வள்ளியூருக்குப் பக்கத்தில். ஆனால் ஸிஞ்சிபெராலிஸ் என்று நான் சொல்லக் கேட்டவர்கள் அதை நம்ப மாட்டார்கள். அது ஒரு ஆர்டரின் பெயர். அந்த ஆர்டரை இந்த ஊரில் என் அளவுக்குக் கையால் தொட்டவன் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைதான். ஆனாலும் உண்மை.

பிழைப்புத் தேடி மலையாள நாட்டுத் தலைநகருக்கு வந்து, தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கியவன் நான். ஆரியசாலையில் ஒரு மருந்துச் சரக்குக் கடையில் மூட்டை தூக்கும் வேலை. சுக்கு, ஏலம், சிற்றரத்தை, கச்சோலம், கஸ்தூரி மஞ்சள் எதுவானாலும் சாக்கைப் பிரிக்காமல் மூக்கால் சொல்லிவிடுவேன். அப்போது ஆராய்ச்சி மாணவியாக இருந்த சுபத்ரா மேடம் மாதிரிக்கு வேர் வாங்கக் கடைக்கு வருவார். கரமனை அக்ரஹாரத்துப் பெண். என் மூக்கைக் கவனித்துவிட்டு ஒரு நாள், "காட்டுக்கு வரியா, கூடை தூக்க?" என்று கேட்டார். போனேன். முதலில் தினக்கூலி, பிறகு தற்காலிகம், பிறகு நிரந்தரம். இதை நீட்டினால் படிக்கிறவர்களுக்கு அலுக்கும்.

வேலைக்கு வந்த பிறகு ஒன்று தெரிந்தது. மூக்கு கடைக்குப் போதும், அலமாரிக்குப் போதாது. ஆர்டர் என்பது பல குடும்பங்கள் சேர்ந்த பெரிய வம்சம். எங்கள் வம்சத்தில் எட்டுக் குடும்பங்கள். வாழை, இஞ்சி, சண்ணக்கூவை, கல்வாழை, கூவை, ஹெலிகோனியா, விசிறி வாழை, இது ஏழு. எட்டாவது நம் பக்கத்தில் காட்டிலும் கிடையாது, தோட்டத்திலும் கிடையாது. அதற்கென்று விட்ட தட்டு நான் ஓய்வு பெறும்வரை காலியாகவே இருந்தது.

வாழையும் இஞ்சியும் எப்படி ஒரே வம்சம் ஆகும் என்று ஆரியசாலைக் கடைக்காரர்கள் என்னைக் கேட்பார்கள். பூவைப் பிரித்துப் பார்த்தால் ஆகும். வாழைப்பூ ஆயும்போது கள்ளன் என்று ஒரு குச்சியைப் பிடுங்கிப் போடுகிறோமே, அதைச் சுற்றி நிற்பவை மகரந்தத்தாள்கள். வாழையில் அவை ஐந்து. இஞ்சியில் ஒன்றே ஒன்று. கல்வாழையில் அந்த ஒன்றிலும் பாதிதான் வேலை செய்யும். மிச்சமெல்லாம் எங்கே போயின? இதழ் மாதிரி வேஷம் போட்டு நிற்கின்றன. கல்வாழையில் பளபளவென்று நாம் பார்ப்பது இதழே இல்லை. இப்படி யார் எதை விட்டார்கள், எதை மாற்றிக்கொண்டார்கள் என்று பார்த்துத்தான் யாருக்கு யார் நெருக்கம் என்று தீர்மானிப்பார்கள்.

இதில் ஓயாத வழக்கு இஞ்சிக்கும் சண்ணக்கூவைக்கும்தான். சண்ணக்கூவை இங்கே வேலியோரமெல்லாம் நிற்கும், சிவப்புச் செதிலுக்குள் வெள்ளைப் பூவோடு. சர்க்கரைக்காரர்கள் இலையை மெல்லுகிற இன்சுலின் செடி அதன் சொந்தக்காரன். முன்பு இஞ்சியையும் இதையும் ஒரே குடும்பம் என்றார்கள். பிறகு பிரிக்க வேண்டும் என்று கிளம்பினார்கள். காரணம் இல்லாமல் இல்லை. இஞ்சிக் குடும்பத்து இலையைக் கசக்கினால் மணக்கும், சண்ணக்கூவை மணக்காது. இஞ்சிக்கு இலைகள் இரண்டு பக்கம் மட்டும். சண்ணக்கூவைக்கு வளைந்த மாடிப்படி போலத் தண்டைச் சுற்றி ஏறும். இஞ்சியின் இலையடி வேட்டி கட்டியது போல ஒரு பக்கம் திறந்திருக்கும். சண்ணக்கூவையுடையது மூட்டின சாரம், அதாவது சுற்றித் தைத்த லுங்கி.

இந்த வம்சத்துச் செடிகளைக் காயவைக்க யாரும் லேசில் முன்வர மாட்டார்கள். புல்லும் புதரும் யார் வைத்தாலும் காயும். இஞ்சிப் பூவை அப்படி வைத்தால் கூழாகிவிடும். காலையில் விரிந்து உச்சிவெயிலுக்குள் வாடுகிற பூ அது. அதற்குள் ஒன்றை ஸ்பிரிட் பாட்டிலில் போட வேண்டும். இன்னொன்றைப் பாகம் பாகமாகப் பிரித்து, டிஷ்யூ காகிதத்தில் விரித்து, மேலே ஒரு டிஷ்யூ மூடி, பெல்ட் போட்டு இறுக்கும் மரச் சட்டத்துக்குள் வைக்க வேண்டும். அதை பிரஸ் என்போம். பிறகு டிஷ்யூவைத் திறக்காமல் வெளிக் காகிதத்தை மட்டும் மாற்றிக்கொண்டே வர வேண்டும். பொறுமை இல்லாதவன் திறந்து பார்ப்பான், இதழ் பாதி மேலும் பாதி கீழும் ஒட்டிக்கொண்டு வரும். கிழங்கை நேந்திரங்காய் வறுவலுக்குச் சீவுகிற கனத்தில் சீவ வேண்டும். வாழைக்கு எதை வைப்பது என்பதைவிட எதை விடுவது என்று தெரிய வேண்டும். இலை நுனி, நடு, அடி, பூவில் ஒரு மடல், அதற்குள் ஒரு சீப்பு. வெளியூர் ஆராய்ச்சி டாக்டர்கள் வந்தால் என் வாழை ஷீட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். நான் பக்கத்தில் சும்மா நிற்பேன். அந்தச் சும்மா நிற்கிறதற்கே ஒரு சுகம் உண்டு.

காய்ந்த செடியைத் துத்தம் கலந்த பசையால் ஒட்டி, தண்டும் கிழங்கும் வருகிற இடத்தில் நூலால் தைத்து, முடிச்சைப் பின்பக்கம் போட வேண்டும். முடிச்சு முன்னால் தெரிந்தால் மேடம் திருப்பித் தந்துவிடுவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தப்பு என்ற சொல்லும் அவரிடம் கிடையாது. "இன்னொரு தரம் பாரேன்" என்பார். அந்தப் 'பாரேன்' வந்தால் பட்டம் வாங்கினவர்களுக்கே வேர்க்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்ன லென்ஸ் தொங்கும். பேசுவதற்கு முன் அதைப் புடவைத் தலைப்பால் துடைப்பார். துடைப்பது நீண்டால் வரப்போவது கஷ்டமான பேச்சு என்று எனக்குத் தெரியும்.

இனி அந்த நம்பருக்கு வருகிறேன்.

நான் கூடை தூக்க ஆரம்பித்த புதிதில், பொன்முடி மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஓடைக் கரையில் ஒரு செடி கிடைத்தது. பெருமழை. காலெல்லாம் அட்டை. மேலே சண்ணக்கூவை போலச் சுற்றி ஏறும் இலைகள். அடியில், மண்ணை ஒட்டி, அசல் இஞ்சிக் குடும்பத்துப் பூ. மேடம் பூவை மண் மட்டத்தில் அறுத்தார், மேலே நின்ற இலைத்தண்டையும் அறுத்தார், இரண்டும் ஒரே நம்பரில் பிரஸ்ஸுக்குள் போயின. திரும்பும்போது ஓடையில் வெள்ளம் இடுப்புக்கு வந்துவிட்டது. பிரஸ்ஸைத் தலையில் ஏற்றி ஒரு துளி படாமல் அக்கரை சேர்த்தேன். மேடத்தை வேறு ஒரு கையில் பிடித்துக்கொண்டு.

இலை சண்ணக்கூவை, பூ இஞ்சி. இரண்டு குடும்பத்துக்கும் நடுவே பாலம் மாதிரி ஒரு செடி. இதோ சாட்சி, இவை ஒரே குடும்பம்தான், பிரிக்க வேண்டாம் என்று மேடம் ஒரு கட்டுரை எழுதினார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த கட்டுரை அது. புதுச் செடிக்குப் பெயர் வேண்டுமே.

"உன் முழுப் பேரு என்ன, முத்து?"

"சுடலைமுத்து, மேடம்."

"கடைசியில ஒரு இ சேத்தா லத்தீனாயிடும். நன்னாத்தான் இருக்கு."

ஆரியசாலைக்கு ஓடினேன். பழைய முதலாளி கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏலே, சுடலைமாடன் லத்தீன் பேச ஆரம்பிச்சாச்சா? இனிமே கோயில் கொடைக்குச் சேவல் கேப்பாரா, ரொட்டி கேப்பாரா?" சிரிக்கட்டும். அவர் பெயர் கடைப் பலகையில் இருந்தது, என் பெயர் உலகத்துப் புத்தகத்தில் இருந்தது. மகளைப் பெண் பார்க்க வந்த வீட்டாரிடம் நான் முதலில் சொன்னதே அதைத்தான்.

அந்தச் செடியை நம்பித்தான், மற்ற ஊர்களில் எல்லாம் பிரித்த பிறகும் எங்கள் அறையில் மட்டும் சண்ணக்கூவைக்குத் தனி அலமாரி கிடையாது. இஞ்சியோடு கூட்டுக் குடித்தனம்.

பாலத்துச் செடி அச்சில் வந்த கொஞ்ச காலத்துக்குள் மேடம் ஒரு சட்டம் போட்டார். இந்த வம்சத்தில் பல செடிகளுக்கு இலைத்தண்டு ஓர் இடத்திலும் பூ வேறோர் இடத்திலும் மண்ணைத் துளைத்து வரும். ஆகவே பூவை அறுக்கக் கூடாது. கத்தி இல்லாமல், விரலால் மண்ணைத் தள்ளி, பூக்காம்பைப் பிடித்துக்கொண்டு கிழங்குக்குப் போக வேண்டும், கிழங்கைப் பிடித்துக்கொண்டு இலைத்தண்டுக்கு வர வேண்டும். இரண்டும் ஒன்று என்று பார்த்த பிறகுதான் கூடை. பார்க்காமல் வந்தது எவ்வளவு அபூர்வமானாலும் பிரஸ்ஸில் இடம் இல்லை. திடீரென்று ஏன் இந்தச் சட்டம் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. அந்த வேலையில் என் விரலுக்கு இணை கிடையாது.

வருஷங்கள் ஓடின. மேடத்துக்கு ஓய்வு நெருங்கிய சமயம் ஜிஷா ஆராய்ச்சி மாணவியாக வந்தார். இலைத் துணுக்கிலிருந்து டி.என்.ஏ. எடுத்து யாருக்கு யார் உறவு என்று பார்ப்பது அவர் படிப்பு. என் பெயர்ச் செடியிலிருந்தும் நகத்தளவு இலையை மேடம் சம்மதத்தோடு நானே வெட்டிக்கொடுத்தேன். என்ன வருகிறது என்று பார்க்க எனக்கும் ஆசை.

ஒரு நாள் கேட்டுக்கு வெளியே இருந்த சாயாக்கடைக்கு என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி கோபிக்கக் கூடாது."

"சொல்லு மோளே."

"உங்க செடியோட இலை சாதா சண்ணக்கூவை. வேலியில நிக்குமில்லே, அது தன்னே."

"மிஷின்ல வேற இலை கலந்திருக்கும்."

"ஞானும் அதுதான் நெனச்சேன். திரும்பவும் செஞ்சு பாத்தேன். அதே."

"பூ அப்படி இல்லையே. பூ அசல் இஞ்சியில்லா?"

"அதுதான் எனக்குப் பயம். பூ வேற செடியோடதா இருந்தா..." என்று இழுத்தார். பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு செடிகளை ஒன்று என்று எடுத்துவிட்டதாக அர்த்தம். அப்படி ஒரு செடியே உலகத்தில் இல்லை என்று அர்த்தம். "மேடத்துக்கிட்ட யாரு சொல்லும்?" என்று கேட்டார்.

"உன் மிஷின் சொன்னதை நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிக்கேன்."

நின்றேன். ஜிஷா சொல்லி முடித்தார். மேடம் லென்ஸைத் துடைக்கத் தொடங்கினார். அது நீண்டுகொண்டே போனது.

"பூவிலேருந்தும் எடுத்துப் பாக்கட்டுமா மேடம்? ஷீட்ல உள்ளதைக் கிள்ளினா பொடிஞ்சிடும். ஸ்பிரிட்ல ஒரே ஒரு பூ இருக்கு."

"அத்தனை வருஷம் ஊறின பூவுல ஒழுங்கா வராது. இருக்கறதையும் கெடுக்க வேண்டாம். மண்ணுல போய்ப் பாத்துடலாம்."

"மேடம், உங்க முட்டி..." என்றேன்.

"முட்டி என்னோடது, விரல் உன்னோடது. போறுமே." பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னார். "கேட்டுக்கோ, முத்து. கிழங்கு ஒண்ணா இருந்தா நம்ம செடி நிக்கும். வேறயா இருந்தா, அந்தப் பூ யாரோடதுன்னு பாக்கணும். யாரும் அறியாத செடியா இருந்தா உன் பேரு பூவோட தப்பிச்சுடும். தெரிஞ்ச செடியா இருந்தா உன் பேரும் போச்சு, என் கட்டுரையும் போச்சு."

பஸ்ஸில் போகும்போது சுடலைமாடனுக்கு ஒரு நேர்ச்சை போட்டேன். லத்தீனில் இல்லை, தமிழில்தான்.

ஓடை அதே இடத்தில் இருந்தது. தூறல். சண்ணக்கூவைத் தண்டுகள் இன்னும் அடர்ந்து நின்றன. குனிந்து சருகை விலக்கினேன். அடியில் அந்தப் பூ, நேற்றுப் பார்த்தது போல. மேடம் ஒரு பாறையில் உட்கார்ந்தார், முட்டி மடங்கவில்லை. ஜிஷா எனக்கு மேலே குடை பிடித்தார். நான் குப்புறப் படுத்துக் கையைக் குழிக்குள் விட்டேன்.

காம்பு முதலில் நேராக இறங்கியது. பிறகு சண்ணக்கூவையின் கிழங்கை ஒட்டி வளைந்தது. அந்த இடத்தில் இரண்டின் வேர்களும் சடை பின்னியது போலக் கிடந்தன. சும்மா தொட்டால் ஒன்று என்றுதான் தோன்றும்.

"முத்து, விரல் என்ன சொல்றது?"

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். கட்டைவிரலால் ஒரு நெருக்கு நெருக்கினால் அந்தக் காம்பு ஒடிந்திருக்கும். 'ஒண்ணாத்தான் இருந்துது மேடம், எடுக்கையில ஒடிஞ்சுபோச்சு' என்றால் அடித்துக் கேட்க ஆள் இல்லை. குழிக்குள் இருந்தது என் கை மட்டும். என் பெயர் நின்றிருக்கும். அவர் கட்டுரையும் நின்றிருக்கும், ஓய்வு பெறுகிற நேரத்தில். ஆனால் மேடம் கேட்டது என்னை அல்ல, என் விரலை. பொய் சொன்ன விரலால் அப்புறம் நான் எந்தச் செடியைத் தொடுவது?

"சேரல மேடம். உரசிக்கிட்டுத்தான் போவுது. இன்னும் கீழ போவுது."

மேடம் பாறை நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"போற வரைக்கும் போ," என்றார்.

போனேன். ஒரு கல்லுக்கு அடியில் நுழைந்து, தோள்வரை கையை விட்டு, அந்தப் பக்கம் சுற்றிவந்து மறுபடி பிடித்தேன். கல்லுக்குப் பின்னால், பெரணிப் புதருக்குள், தனியாக ஒரு இலைத்தண்டுக் கூட்டம். காம்பு போய்ச் சேர்ந்தது அங்கே. இலைகள் இரண்டு பக்கம் மட்டும். இலையடியில் திறந்த வேட்டி. ஜிஷா ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. எனக்கு முகர வேண்டியிருக்கவில்லை. ஆரியசாலையில் ஏல மூட்டை தூக்கியவன் மூக்கு, அங்கே படுத்தபடியே கண்டுகொண்டது.

மேடம் கையை நீட்டினார். இலையை வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தார். அதிகம் பார்க்கவில்லை. ஏலக்காயின் காட்டுச் சொந்தம், ஒரு வெள்ளைக்காரர் எந்தக் காலத்திலோ பெயர் வைத்துவிட்ட செடி. "பூ அதை மாதிரி இருக்கேன்னு அன்னிக்கே தோணித்து," என்றார். "இலை வேற மாதிரி இருக்கே, அப்போ புதுசுன்னு நெனச்சுட்டேன்."

"சாரி, மேடம்," என்றார் ஜிஷா.

"நீ எதுக்கு அழறே? செடி ரெண்டும் அது அது எடத்துல சரியாத்தானே இருந்துருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் பேரு போச்சே, முத்து."

"பேருதான மேடம் போச்சு. விரல் இருக்குல்லா."

மேடம் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். சிரித்து முடித்து, ஈரக் கல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தச் சட்டம் போட்டபோதே எனக்கு இதுல சந்தேகம் உண்டு. இங்க திரும்பி வர தைரியம்தான் வரல்லை."

ஓய்வு பெறுவதற்கு முன் மேடம் திருத்தத்தைத் தம் பெயரிலேயே அச்சில் போட்டார். ஷீட்டைப் பிரிக்கும் வேலை எனக்கு. நான் தைக்கப் பழகிய காலத்துத் தையல் அது, ஒரு நூல் தளரவில்லை. அதை அறுத்தபோதுதான் கொஞ்சம் வலித்தது. பூவை ஒரு தாளிலும் இலையை ஒரு தாளிலும் புதிதாகத் தைத்தேன். இரண்டிலும் பழைய நம்பரே. நம்பர் என்பது செடிக்குப் போடுவது அல்ல, அன்றைக்கு அந்த இடத்தில் நாங்கள் எடுத்ததற்குப் போட்டது. அது மாறாது. எங்கள் அறையில் தாளின் மூலையில் ஒட்டும் பெயர்ச் சீட்டு எதையும் கிழிக்கும் வழக்கமும் கிடையாது. தப்பான பெயர் எழுதிய சீட்டும் இருக்கும், திருத்தினவர் சீட்டும் பக்கத்தில் இருக்கும், இரண்டிலும் கையெழுத்து இருக்கும்.

சண்ணக்கூவைக் கட்டுகளை எல்லாம் நானே இறக்கித் தனி அலமாரிக்கு மாற்றினேன். "தூரக் கொண்டு வெச்சுடாதே," என்றார் மேடம். "குடும்பம் ரெண்டானாலும் வம்சத்துல அதுக்கு இதுதான் ரொம்பக் கிட்டத்து உறவு. கல்வாழைக்குக் கூவை மாதிரி." அதனால்தான் இன்றைக்கும் இஞ்சி அலமாரியின் கதவை முழுசாகத் திறந்தால் சண்ணக்கூவை அலமாரியில் இடிக்கிறது. யாரும் நகர்த்த வேண்டாம்.

என் பெயர் முழுசாகப் போய்விடவும் இல்லை. அச்சில் ஏறிய பெயரை யாரும் அழிக்க முடியாது. வெள்ளைக்காரர் வைத்த பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், அது இன்னும் கிடக்கிறது. அந்த இனத்தில் வேறு எந்தச் செடிக்கும் அந்தப் பெயரை இனி வைக்கவும் முடியாது. பழைய முதலாளியிடம் இதைச் சொன்னபோது, "பட்டா போனாலும் வேலியை விடமாட்டே போலிருக்கே" என்றார். விடமாட்டேன்.

கடைசியாக ஒரு சீட்டு விஷயம். புதிய ஷீட்டுகளில் ஒட்டுவதற்கு மேடம் இரண்டு சீட்டு எழுதினார். இது இன்ன குடும்பம், முன்பு கலந்து எடுக்கப்பட்டது, இப்போது பிரிக்கப்பட்டது என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"கீழே நீயும் போடு."

"நான் எதுக்கு மேடம்?"

"வேரோட போய்ப் பாத்தது யாரு? நானா?"

எனக்குத் தெரிந்த கையெழுத்து ஒன்றுதான். போட்டேன். அந்த அறையில் இங்கிலீஷ் கையெழுத்து ஆயிரமாயிரம் உண்டு, மலையாளமும் உண்டு. தமிழில் சுடலைமுத்து என்று இருப்பது அந்த இரண்டு ஷீட்டில் மட்டும்தான், ஒன்று இஞ்சிக் குடும்பத்தில், ஒன்று சண்ணக்கூவைக் குடும்பத்தில். ஆகவே படம் எடுக்கும் பிள்ளைகளே, நம்பரை மாற்ற வேண்டாம். படத்தில் அளவு தெரிய அளவுகோலைத் தாளின் மேல் வைக்கும்போது அந்தக் கையெழுத்துச் சீட்டை மட்டும் மறைக்காமல் வையுங்கள்.